அக்காவுக்கு வெட்டின யன்னல்

குனியுங்கோ தம்பி, குனியுங்கோ. உந்த இடத்திலை எல்லாரும் தலையை இடிக்கிறவை. நெடுவலான ஆக்களுக்கு உதொண்டுதான் இஞ்சை கரைச்சல். மேலைக் கதவைச் சாத்திப்போட்டு வந்தனீங்கள் தானே? நல்லது. மருமகள் தர்ஷிகா மேலை இருந்து வேலை செய்யிறவள், எங்கடை கதை கேட்டால் அவளுக்கு இடைஞ்சல். உங்களுக்கும் வேலைக்குப் போகவேணும் எண்டனீங்கள், கனநேரம் மினக்கெடுத்தமாட்டன்.

லைட்டைப் போடாதேங்கோ. போடாமல் பாருங்கோ. வெளிச்சம் வருதோ இல்லையோ? வருதெல்லே. பேஸ்மென்ட் எண்டால் ஏதோ பொந்து எண்டு நினைச்சுக்கொண்டுதான் எல்லாரும் இறங்கி வருகினம். இந்த யன்னலைக் கண்டாப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை.

கிட்ட வாங்கோ. எட்டி வெளியாலை பாருங்கோ. யன்னல் நிலத்துக்குக் கீழை கிடக்கு, அப்ப வெளிச்சம் எப்பிடி வரும்? வெளியிலை மண்ணைத் தோண்டி, யன்னலைச் சுத்தி மூண்டு பக்கமும் அணை கட்டி, ஒரு தொட்டி மாதிரிச் செய்யவேணும். விண்டோ வெல் எண்டு சொல்லுவாங்கள். மற்ற வீடுகளிலை வளைச்ச தகரத்தைக் கொண்டுவந்து சுவரிலை அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்கள். இது மரம். உக்காமல் மருந்தேத்தின மரம். ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கி, மூலையிலை மாறி மாறிக் கடிக்க விட்டு, நீட்டு ஆணி இறக்கினது. பின்னுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கு, மண் ஒழுகாது. அடியிலை சல்லிக்கல்லு, தண்ணி நிக்காது. முழுக்க என்ரை கையாலை செய்தது. சுவரை வெட்டினது மட்டும் மெசின்காரர், அது வேறை.

அந்தப் பலகைப் படியளைப் பாக்கிறியளே? அதுவும் நான்தான். கீழ்ப்படியின்ரை நிறம் வேறையாத்தான் கிடக்கு, அது பிறகு வைச்சது. சொல்லுறன்.

என்ன கேட்டனீங்கள்? முந்தி இருந்த ஆள் ஏன் போனதெண்டோ?

உங்களுக்கு ஆர் சொன்னது? இல்லை, நீங்கள் சும்மாதான் கேக்கிறியள் எண்டு விளங்குது. ஆனால் சும்மா கேக்கிற மாதிரிக் கேக்கிறவைதான் கூட. தமிழ்க்கடைக்குப் போனால் மரக்கறி தெரிஞ்சுகொண்டு நிக்கிறவன், "என்னண்ணை, யன்னல் எப்பிடி இருக்கு?" எண்டு கேக்கிறான். என்ரை பேர் விசுவலிங்கம். இந்த ஸ்காபரோவிலை என்ரை பேரை ஆரும் சொல்லுறேல்லை இப்ப. 'யன்னல்' எண்டால்தான் தெரியும். நீங்களும் நாளைக்குக் கேள்விப்படத்தான் போறியள். அதுக்கு முதல் என்ரை வாயாலை கேளுங்கோ.

முந்தி இருந்தது வெளியாள் இல்லை. என்ரை கூடப்பிறந்த தமக்கை. சிவக்கொழுந்து எண்டு பேர்.

நான்தான் ஸ்பொன்சர் பண்ணி எடுத்தனான். அத்தான் செத்து, பிள்ளை குட்டியும் இல்லாமல் ஊரிலை தனிய நிண்டவ. ஆர் கூப்பிட்டது? நான். அந்த நேரம் நானும் மனுசியும் மாறி மாறிச் சிப்ட் வேலை. மகன் நிரோஜன் கைப்பிள்ளை, மகள் ஆரணி பிறகு பிறந்தவள். அக்கா வந்து பிள்ளையளோடை நிண்டா. சமைச்சா, குளிப்பாட்டினா, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தா. அது வேலையே? வீட்டிலை இருக்கிற ஆள் செய்யிறதுதானே. நாங்கள் ஒரு நாளும் அவவை வேலைக்குப் போ எண்டு சொல்லேல்லை. மேலை முன்னறை அவவுக்குத்தான். மகள் சின்னனிலை அவவோடை ஒரு கட்டில்லைதான் படுத்தவள். நல்ல வெய்யில் விழுகிற அறை. அதிலை ஒரு சாடியிலை கறிவேப்பிலை வைச்சிருந்தா. இந்தக் குளிருக்குள்ளை கறிவேப்பிலை வளக்கிறது பிள்ளை வளக்கிறதிலும் கஷ்டம் தம்பி. யன்னலுக்கு யன்னல் தூக்கிக்கொண்டு திரிவா, வெய்யில் போற பக்கம் பாத்து. விசர் மாதிரி.

பிறகு மகன் கலியாணம் முடிச்சான். வந்த மருமகள் வீட்டிலை இருந்து வேலை. கொம்பியூட்டரிலை முகத்தைக் காட்டிக் கதைக்கிற வேலை, அதுக்கொரு அறை வேணும், வெளிச்சமான அறை வேணும். வேறை எந்த அறையைக் குடுக்கிறது? எங்கடையையோ? அக்காவைக் கீழை விடுவம் எண்டு மனுசி சொன்னா. நானும் யோசிச்சன். யோசிச்சுப் பாத்தால் மேலை இருந்தது ஒரு அறை. கீழை இருக்கிறது ஒரு வீடு. குசினி, பாத்ரூம், ஹோல். ஆருக்குக் கிடைக்கும்?

அக்கா "சரி தம்பி" எண்டா. பேந்து படியிலை நிண்டுகொண்டு, "கீழை வெய்யில் வராதே, கறிவேப்பிலை செத்துப்போம்" எண்டா. செடியின்ரை கவலை! முந்தி இந்தச் சுவரிலை கோழிக்கூட்டுக்கு வைக்கிற மாதிரி ஒரு சின்ன யன்னல்தான் இருந்தது. எனக்கு மனம் கேக்கேல்லை. "அக்கா, உனக்கு நான் பெரிய யன்னல் வெட்டித் தாறன்" எண்டு சொன்னன். நானாச் சொன்னது தம்பி. ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்களே, அதிலை எத்தினை பேர் தங்கடை தமக்கைக்கு ஒரு யன்னல் வெட்டிக் குடுத்திருக்கிறாங்கள்?

எந்தப் பக்கம் வெட்டிறது எண்டு பாக்கேக்கைதான் பிரச்சினை. வெய்யில் விழுகிறது மற்றப் பக்கம். தென்மேற்கு. பின்வளவுப் பக்கம், மதியத்திலை இருந்து பொழுது படுமட்டும் வெய்யில். அக்கா அதைத்தான் காட்டினவ. ஆனால் அது கன்னிமூலை. கன்னிமூலையிலை ஆரும் குழி தோண்டுவானே? மனுசி குளறத் தொடங்கிட்டா. நான் அந்தளவுக்கு நம்புற ஆள் இல்லை, ஆனாலும் வாஸ்து பாக்கிற ஐயா ஒராளைக் கேட்டம். அவர் வீட்டுப் படத்தைப் பாத்தவுடனை, கன்னிமூலையிலை மண் எடுத்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது எண்டார். தோண்டிறதெண்டால் ஈசானமூலையிலை தோண்டுங்கோ, செல்வம் பெருகும் எண்டார். ஈசானமூலை இதுதான், வடகிழக்கு. நீங்கள் பாக்கிறது பக்கத்து வீட்டுச் சுவர். ஓம், கொஞ்சம் கிட்டத்தான்.

அக்கா திரும்பவும் கேட்டா. "தம்பி, அங்காலை வெட்டினால் வெய்யில் வருமே" எண்டா. எனக்குக் கொதி வந்திட்டுது. "அக்கா, உனக்கு வெய்யில் வேணுமோ, நான் உயிரோடை இருக்கவேணுமோ?" எண்டு கேட்டன். அவ என்ரை முகத்தைப் பாத்தா. "என்னடா கதை கதைக்கிறாய், நீ இருந்தால் எனக்கு அதுவே காணும்" எண்டுபோட்டுச் சாடியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. அதோடை அந்தக் கதை முடிஞ்சுது. நானும் பாருங்கோ, கல்லுமாதிரி நிக்கிறன். கன்னிமூலை மண்ணிலை கை வைக்கேல்லை.

வெட்டின கதையைச் சொன்னால் நம்பமாட்டியள். இந்த மண் இருக்கே, களி. மேலாலை ஒரு சாண் போனால் சவள், மண்வெட்டி ஒண்டும் இறங்காது. ரெண்டு வீட்டுக்கும் இடையிலை ஒரு ஆள் நிக்கத்தான் இடம். நான் உள்ளை நிண்டு வெட்டுவன், அக்கா மேலை நிண்டு வாளியை இழுப்பா. இழுத்து, பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிப்போட்டு வருவா. எனக்கு நாரி பிடிச்சு, இடுப்பை நிமித்த ஏலாமல் போச்சு. பாதியிலை என்னாலை ஏலாது எண்டு படுத்திட்டன். எழும்பி வந்து பாத்தால் குழி இன்னும் கொஞ்சம் ஆழமாக் கிடக்கு. அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, மண்ணைக் கிளறிக்கொண்டு நிண்டிருப்பா. பிறகு மரம் வந்தது. ஒரு துண்டு தூக்கிறதெண்டாலே மூச்சு வாங்கும். அக்கா ஒரு பக்கம் பிடிப்பா, நான் மற்றப் பக்கம் ஆணி இறக்குவன். சல்லிக்கல்லை அவதான் கொட்டிப் பரவினது, அது லேசான வேலை. மற்றபடி முழுக்க நான்தான்.

படி வைக்கேக்கை மட்டும் அவ ஒரு சொல்லுச் சொன்னவ. இஞ்சத்தைச் சட்டம் ஒண்டிருக்கு. படுக்கிற அறையிலை நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் ஆள் யன்னலாலை ஏறி வெளியிலை போகக்கூடியதா இருக்கவேணும். அதுக்குத்தான் படி. நான் வைச்சு முடிச்சுப்போட்டு நிக்கிறன், அக்கா சல்லிக்கல்லிலை இறங்கி நிண்டு காலைத் தூக்கிப் பாத்தா. கட்டையான மனுசி. "தம்பி, கீழை இன்னொரு படி வைச்சியெண்டால் எனக்கு எட்டும்" எண்டா. எனக்குச் சிரிப்பு. "நீ என்ன யன்னலாலை ஏறிக் களவெடுக்கப் போகப்போறியோ? இது சட்டத்துக்கு வைச்சது" எண்டன். அவவும் சிரிச்சா. சிரிச்சதைக் கண்ணாலை கண்டனான். மனசிலை வைச்சிருந்தாவோ தெரியாது.

மேலைக் கதவுக்குக் கொண்டி போட்டது அந்த மாரிக்குத்தான். நீங்கள் இறங்கி வந்த கதவு. அதிலையும் கதை கட்டிறாங்கள். சமையல் மணம் மேலை ஏறும் தம்பி. அக்கா மீன் தாளிச்சால் மருமகளின்ரை அறை மட்டும் போகும். கதவு தன்பாட்டிலை திறபடுற கதவு. அதுக்கு ஒரு கொண்டி. மேல்வீட்டுப் பக்கமாப் போட்டது. கொண்டி எண்டால் ஒரு பக்கம்தானே இருக்கும்! நாங்கள் பூட்டி வைக்கேல்லை, சாத்தி வைச்சது. தட்டினால் திறப்பம்தானே. முதல்லை தட்டினவ, திறந்தம். சில நேரம் மருமகள் மீட்டிங்கிலை இருந்தால் கேளாது, நாங்களும் வெளியிலை போயிருப்பம், கொஞ்சம் நிண்டு பாத்திட்டு இறங்கிப் போயிடுவா போலை. பேந்து பேந்து அவ மேலை வாறதே குறைஞ்சுபோச்சு. வயசும் போட்டுது, படி ஏற முழங்கால் விடாது எண்டு நாங்கள் நினைச்சம். அப்பிடித்தானே நினைப்பம்?

மனுசி சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோய்க் குடுக்கிறவ. நானும் நேரம் கிடைச்சால் இறங்கிப் பாப்பன். ஆரணி வேலையாலை வந்தால் நேரை கீழைதான் போவாள். கறிவேப்பிலை மஞ்சளாப் போச்சு. கோடை வர அக்கா சாடியைத் தூக்கி யன்னலுக்கு வெளியாலை, அந்தச் சல்லிக்கல்லிலை வைச்சா. அதிலை நிண்டு ரெண்டு மூண்டு புது இலையும் விட்டது. பாருங்கோ, அப்ப என்ரை யன்னல் நல்ல யன்னல்தானே?

அந்தக் கோடையிலைதான் ஆரணிக்குக் கலியாணம் வந்தது.

தம்பி, உங்கடை பக்கம் மட்டக்களப்பு எண்டனீங்கள் என்ன? முழுவியளம் எண்டு நாங்கள் சொல்லுறது. நல்ல காரியத்துக்கு வீட்டாலை வெளிக்கிடேக்கை முதல்லை ஆர் எதிர்ப்படுகினம் எண்டு பாக்கிறது. சுமங்கலிப் பொம்பிளை ஒராளை நிறைகுடத்தோடை முன்னுக்கு வரவிட்டு, அவவிலை முழிச்சுக்கொண்டு வெளிக்கிடவேணும். தாலி அறுத்த ஆக்கள் குறுக்கை வரக்கூடாது. இது நான் கண்டுபிடிச்ச சட்டமே? எல்லா வீட்டிலையும் உள்ளதுதானே. அக்காவுக்கும் தெரியும். எல்லா விசேசத்திலையும் அவவாத்தான் பின்னுக்கு நிக்கிறவ. நாங்கள் தள்ளி விடுறேல்லை.

ஆனால் அண்டைக்கு ஒரே பரபரப்பு. ரெண்டு கார் வாசல்லை நிக்குது. படம் எடுக்கிறவன் கத்துறான். ஐயர் சொன்ன நேரம் போகுது. மகள் கூறைக்கு முதல் உடுக்கிற சேலையோடை படியாலை இறங்கி வாறாள். அந்த நேரம் கீழை இருந்து அக்காவின்ரை குரல் கேக்குது. "தம்பி, நான் வரட்டே?" எண்டு. மனுசி என்ரை கையிலை கிள்ளினா. வந்து சரியா வாசல்லை, பிள்ளைக்கு எதிராலை நிண்டிட்டா எண்டால்? நான், "பொறக்கா, கூப்பிடுறன்" எண்டு சொல்லிப்போட்டுக் கொண்டியைப் போட்டன். ஒரு நிமிசத்துக்கு! பிள்ளை காரிலை ஏறினவுடனை திறக்கிறதெண்டு. என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கைக்காகச் செய்தது. இதிலை என்ன பிழை கண்டவை?

பிறகு பிள்ளை ஏறினாள், படக்காரன் என்னையும் ஏறச் சொன்னான், கார் வெளிக்கிட்டிட்டுது. அக்கா மற்றக் காரிலை வருவா எண்டு நான் நினைச்சன். என்ரை காரிலை வாறா எண்டு மற்றக் காரிலை இருந்தவை நினைச்சிருக்கினம். ஒருத்தரிலையும் பிழை இல்லை. மண்டபத்திலை எனக்கு ஆயிரம் வேலை. ஒருக்கா ஆரணி மணவறையிலை இருந்து "மாமி எங்கை?" எண்டு அக்காவைத்தான் வாயசைச்சுக் கேட்டவள். நான் "பின்னுக்கு" எண்டு கையைக் காட்டினன். அவ பின்னுக்குத்தானே இருக்கிறவ எப்பவும்.

தாலி கட்டி முடிஞ்சுது. சனம் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்க வரிசையிலை நிக்குது. நானும் மனுசியும் தட்டோடை முன்னுக்கு நிக்கிறம். மண்டபத்துக் கதவடியிலை ஒரு சலசலப்பு. திரும்பிப் பாக்கிறன்.

அக்கா வாறா.

பட்டுச்சேலை. நாங்கள் கலியாணத்துக்கு எண்டு எடுத்துக் குடுத்த சேலை, பாக்கு நிறம். முழங்காலுக்குக் கீழை முழுக்கக் களிமண். ஒரு கை சிராய்ச்சு ரத்தம். தலை கலைஞ்சு கிடக்கு. பக்கத்திலை ஆர்? உந்தப் பக்கத்து வீட்டுக் கயானாக்காரி! வீட்டிலை போடுற காற்சட்டையோடை, அக்காவின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறாள். இந்த யன்னல் அவளின்ரை குசினிக்கு நேரை எதிர் எல்லே. குழியுக்கையிருந்து ஒரு பட்டுச்சேலை ஏறி வாறதைக் கண்டு ஓடி வந்து, தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொன்னனே, படி ஏற ஏலாது எண்டு கீழையே கிடந்த மனுசி. யன்னலாலை ஏறி வந்திருக்கிறா!

அங்கைதான் தம்பி எனக்கு நெஞ்சு எரியுது. வந்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை. வரட்டும். பெத்த பிள்ளை மாதிரி வளத்தவ, வரத்தான் வேணும். ஆனால் முன்வரிசையிலை இருந்த சம்பந்தி அம்மா எழும்பிக் கேக்கிறா, "என்னம்மா, சேலையெல்லாம் மண்?" எண்டு. விழுந்திட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். பஸ்ஸாலை இறங்கேக்கை வழுக்கினது எண்டு சொல்லியிருக்கலாம். எத்தினை பொய் கிடக்கு உலகத்திலை! அக்கா என்ன சொன்னா தெரியுமே? "கதவு பூட்டிக் கிடந்தது பிள்ளை. கூப்பிட்டுப் பாத்தன். நேரம் போட்டுது. யன்னலாலை ஏறி வந்தனான்." அவ்வளவுதான். கோவமாச் சொல்லேல்லை. அழேல்லை. கறி என்ன வைச்சனீ எண்டு கேட்டால் சொல்லுவினமே, அப்பிடிச் சொன்னா. நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பாத்துத்தான் நிப்பாட்டினவங்கள். முழு மண்டபத்துக்கும் கேட்டுது. கேளாதவைக்குக் கயானாக்காரி இங்கிலீசிலை விளங்கப்படுத்துறாள்.

தமக்கை எண்டால் தம்பியின்ரை மானத்தைக் காப்பாத்த மாட்டாளே? நீங்கள் சொல்லுங்கோ.

ஆரணி மணவறையாலை இறங்கினாள். கூறைச்சேலையோடை ஓடி வந்து கட்டிப் பிடிக்கிறாள். அந்தக் களி முழுக்கக் கூறையிலை. ஐயர், "பிள்ளை, பிள்ளை" எண்டு கத்துறார். அவள் ஆரையும் பாக்கேல்லை. அக்காவின்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னாலை நிப்பாட்டி, "மாமிதான் முதல் போடோணும்" எண்டாள். அக்கா மாட்டன் எண்டு கையை இழுக்கிறா. மனுசி வேண்டாம் எண்டு எனக்குக் கண்ணைக் காட்டுறா. நான் என்ன செய்ய? நூத்துக்கணக்கான சனம் பாத்துக்கொண்டு நிக்குது. அக்கா தட்டிலை கையை வைச்சா. அறுகரிசி பாதி நிலத்திலை கொட்டுப்பட்டுது. மாப்பிள்ளை குனிஞ்சு குடுத்தார், அக்கா போட்டா.

பிறகு ஆரணி என்னட்டை வந்தாள். மெல்லமாத்தான் கேட்டாள். "அப்பா, கொண்டியைப் போட்டது ஆர்?" எண்டு. "பேந்து கதைப்பம் பிள்ளை, சனம் நிக்குது" எண்டன். அவள் தலையை ஆட்டினாள். பேந்து இண்டைக்கு மட்டும் கதைக்கேல்லை. அண்டைக்கே மாமியைத் தன்னோடை கூட்டிக்கொண்டு போட்டாள். கலியாணப் பொம்பிளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகேக்கை மாமியைக் கூட்டிக்கொண்டு போனதை எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியளே? மாப்பிள்ளையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலை போறார்.

நாங்கள் வீட்டை வந்து கதவைத் திறந்து கீழை இறங்கினம். கதிரை யன்னலடியிலை. யன்னல் திறந்தபடி. வெளியாலை பாக்கிறன். சல்லிக்கல்லிலை அந்தச் சாடி கவிட்டு வைச்சிருக்கு. அதிலை ஏறினால்தான் அவவுக்குப் படி எட்டியிருக்கும். கறிவேப்பிலையைப் பிடுங்கி, வேரோடை மண்ணை ஒரு துவாய்த்துண்டிலை சுத்தி, தண்ணி தெளிச்சு, யன்னல் விளிம்பிலை படுக்க வைச்சிருக்கிறா. ஒரு வேர் அறுபடேல்லை. கலியாணத்துக்கு நேரம் போகுதெண்டு யன்னலாலை ஏறி ஓடுற மனுசி, செடியைச் சுத்தி வைச்சுப்போட்டு ஓடியிருக்கிறா தம்பி!

அந்தா, அந்த வாளியிலை நிக்கிறது அதுதான். நான்தான் நட்டனான். இலையெல்லாம் கொட்டுண்டு போச்சு. ஆனால் தண்டைக் கீறிப் பாத்தால் பச்சை இருக்கு. உங்களுக்கு இடைஞ்சல் இல்லையெண்டால் அது அதிலையே நிக்கட்டும். எடுக்கச் சொல்லாதேங்கோ.

கோல் பண்ணினனான். ஒருக்கா ரெண்டுதரம் இல்லை. ஆரணி எடுக்கமாட்டாள், அக்கா எடுப்பா. "எப்பிடியக்கா?" எண்டால், "சுகமா இருக்கிறன் தம்பி. மேல்மாடி, நல்லா வெய்யில் வருது" எண்டுவா. "நாரி எப்பிடி, மருந்து போடுறியோ?" எண்டு கேப்பா. ஒரு கோவமும் இல்லை! கோவிச்சால் சமாதானம் செய்யலாம், ஏசினால் திருப்பி ஏசலாம், இதை நான் என்னெண்டு பிடிக்கிறது? "வீட்டை வா அக்கா" எண்டால், "பாப்பம் தம்பி" எண்டுவா. அந்தப் 'பாப்பம்'தான் என்னைத் தின்னுது. என்ரை வீட்டிலை, நான் மண்ணைத் தோண்டி வெளிச்சம் குடுத்த அறையிலை இருக்கமாட்டாவாம். பாப்பமாம். நான் சாப்பிட்டனோ எண்டு பாத்துக்கொண்டிருந்த மனுசி. நித்திரையாலை எழும்பினால் அவவின்ரை காலடிச் சத்தம் கீழை கேக்குதோ எண்டு இப்பவும் காதைக் குடுக்கிறன், விசரன் மாதிரி.

கீழ்ப்படி பிறகு வைச்சது எண்டனே, அது அதுக்குப் பிறகுதான். ஏன் வைச்சனானோ? சட்டத்துக்கு. ஆராவது வந்து பாத்தால் படி குறையுது எண்டு சொல்லுவாங்கள். நல்ல பலகை, நடுவிலை ஒரு கட்டையும் குடுத்திருக்கிறன். கட்டையான ஆக்களுக்கும் எட்டும் இப்ப.

கொண்டியோ? அது கிடக்கு. அதை ஏன் கழட்டவேணும்? வெளியாள் ஒராள் வந்து கீழை இருக்கேக்கை கொண்டி கட்டாயம் வேணும். குறை நினையாதேங்கோ, உங்களைச் சொல்லேல்லை. உங்களுக்குப் பக்கத்தாலை ஒரு தனி வாசல் வெட்டித் தரப்போறன். ஆக்களுக்குச் சொல்லியாச்சு, அடுத்த கிழமை வருவாங்கள். பூட்டின்ரை திறப்பு உங்கடை கையிலை. நினைச்ச நேரம் போகலாம், வரலாம். வாடகைக்கு வாற ஆளுக்கு வாசல் வேணும்தானே. அக்காவுக்கு என்னத்துக்கு வாசல்? அவ வெளியாளே?

சரி, நேரம் போட்டுது உங்களுக்கு. வாங்கோ மேலை போவம். நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ, தலை கவனம். தள்ளுங்கோ கதவை. என்ன? இல்லை, நல்லாத் தள்ளுங்கோ. விலத்துங்கோ பாப்பம்.

பிள்ளை! தர்ஷிகா! பிள்ளை!

மீட்டிங்கிலை போலை. காதுக்கை உதைக் கொழுவிக்கொண்டிருந்தால் இடி விழுந்தாலும் கேளாது. கதவு சாத்திக் கிடந்ததைக் கண்டு, பழக்கத்திலை கொண்டியைப் போட்டுட்டாள். மனுசி கோயிலுக்குப் போட்டா, மகன் வேலைக்கு. என்ரை போன் மேலை மேசையிலை. உங்கடை போனிலையோ? மருமகளின்ரை நம்பர் ஆருக்குத் தெரியும், எல்லாம் அதுக்குள்ளைதானே கிடக்கு. எனக்குப் பாடமாத் தெரிஞ்சது ஆரணியின்ரை நம்பர் ஒண்டுதான். அவள் எடுக்கமாட்டாள்.

இருங்கோ. அந்தக் கட்டில்லை இருங்கோ. தட்டினால் திறப்பினம். பிள்ளை! இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம்.

பஸ் போயிடுமோ? வேலைக்குப் பிந்தினால் ஏசுவாங்களோ?

அப்ப ஒண்டு செய்யுங்கோ. இந்தக் கதிரையை யன்னலடிக்கு இழுங்கோ. நான் பிடிக்கிறன். ஏறுங்கோ, பயப்படாதேங்கோ. யன்னல் பெரிசுதானே. சல்லிக்கல்லிலை காலை வையுங்கோ. ஆ, அந்தக் கீழ்ப்படி. எட்டுதே? எட்டும். நான் சொன்னனே.

நானோ? நான் வரேல்லை. என்ரை வீட்டாலை நான் யன்னலாலை ஏறிப்போறதோ? நீங்கள் முன்னாலை சுத்திப் போய் பெல்லை அமத்துங்கோ. மாமா கீழை நிக்கிறார், கதவைத் திறக்கட்டாம் எண்டு பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. இன்னொருக்கா அமத்துங்கோ, ஒருக்கா அமத்தினால் அவளுக்குக் கேளாது.

தம்பி, பொறுங்கோ. முழங்காலிலை மண். தட்டிவிடுங்கோ. மற்றக் காலிலையும். கயானாக்காரி குசினியுக்கை நிக்கிறாளோ பாருங்கோ. நிக்கிறாளே? அங்காலை பாக்காமல் நேரை போங்கோ. தம்பி, ஆர் கேட்டாலும் யன்னலாலை ஏறி வந்தனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.